கைத்தறி என்று எழுதிய அட்டைக்கு யார் பொறுப்பு?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் இந்தியாவிலிருந்து புதுச் சரக்கு வந்து இறங்கத் தொடங்கிவிடும். காஞ்சிப் பட்டு, கோவை கோரா, செட்டிநாட்டுக் கண்டாங்கி, கட்ச் பூவேலைத் துணி, ஜெய்ப்பூர் மீனாகாரி, வடசேரிக் கோயில் நகை என்று அடுக்குகள் நிறையும். கடைக்குக் கடை ‘கைத்தறி’, ‘கைவேலை’ என்று அட்டை தொங்கும். அந்த அட்டையை எழுதியவர் யார், எழுதியது சரிதானா என்று பார்த்தவர் யார், சரியில்லை என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சென்னை மொத்த வியாபாரியைக் கைகாட்டுவார். மொத்த வியாபாரி ஊரில் இருக்கும் தரகரைக் காட்டுவார். தரகரோ, தறிக்காரர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன் என்பார். தறிக்காரருக்கு அந்தச் சேலை சிங்கப்பூர் போனதே தெரிந்திருக்காது.

இந்த வணிகத்தில் இருப்பவர்களில் பலர் சிறியவர்கள். கணவனும் மனைவியுமாக ஒரு கடையைப் பார்த்துக்கொள்பவர்கள், வீட்டு வரவேற்பறையில் சேலைகளை விரித்து இணைய நேரலையில் விற்பவர்கள், பண்டிகைக் காலத்தில் மட்டும் கண்காட்சி விற்பனை போடுபவர்கள். இவர்களை ஒட்டுமொத்தமாக ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் நெய்தவரின் கூலிக்கும் வாங்குபவரின் நம்பிக்கைக்கும் நடுவில் நிற்பவர்கள் இவர்களே. இவர்கள் மட்டும் இந்தப் பொறுப்பைச் சுமக்க முடியாது. இவர்கள் தொடங்காமல் வேறு யாரும் தொடங்கப்போவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் நியாயமான முடிவுக்கு வர முடியும்.

சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்

கைத்தறி ஏற்றுமதி பற்றிப் பேசும்போது அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மெட்ராசுக்கு வந்தார். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதியில் இருந்தார். அவரிடம் மெட்ராஸ் கட்டத் துணியை ஜேக்கப்சன் வாங்கினார். குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்கும் என்று நாயர் சொல்லித்தான் கொடுத்தார். அந்த எச்சரிக்கை கடைவரை போய்ச் சேரவில்லை. அத்துணியில் தைத்து அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் விற்ற உடைகள் சலவை இயந்திரத்துக்குள் போனதும் சாயம் விட்டன. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், வழக்குப் போடும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. கடைசியில், சாயம் இறங்குவதே இத்துணியின் அழகு, ஒவ்வோர் அலசலுக்கும் புது நிறம் காட்டும் என்று விளம்பரம் செய்து, நட்டமாகப் போயிருக்க வேண்டியதை லாபமாக்கிவிட்டார்கள்.

முடிவு நல்லபடியாக அமைந்ததால் இதை வியாபார சாமர்த்தியத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நாம் கவனிக்க வேண்டியது அந்த முடிவுக்கு முன்னால் நடந்ததை. துணியில் குறையில்லை. நெய்தவர் மேல் தவறில்லை. அனுப்பியவரும் உண்மையைச் சொல்லியே அனுப்பினார். நடுவில் ஒருவர் தமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அதே தவறு இன்றும் நடக்கிறது. அதை லாபமாக மாற்றும் விளம்பரம்தான் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வெள்ளிச் சரிகை சிங்கப்பூரின் ஈரக்காற்றில் எளிதாகக் கறுக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரிக்குள் அடைத்தால் இன்னும் கெடும். பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். கெம்புக் கல் நகையை வியர்வையோடு பெட்டியில் போட்டு மூடக் கூடாது. நெசவாளருக்கும் நகைத் தொழிலாளிக்கும் இது அரிச்சுவடி. அந்த அரிச்சுவடி கடல் தாண்டி வருவதில்லை. சேலை கறுத்ததும் வாங்கியவர், ‘காஞ்சிப் பட்டே இப்போதெல்லாம் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார். விற்றவரின் மௌனத்துக்கு நெய்தவர் பழி சுமக்கிறார்.

தறிக்குழியில் தொடங்கும் கணக்கு

இந்தியாவின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர் என்கிறது. அதற்கு முந்தைய 2009-10 கணக்கெடுப்பில் அவர்கள் 43.31 லட்சம் பேர். பத்து ஆண்டில் எட்டு லட்சம் பேர் தறியை விட்டு எழுந்துவிட்டார்கள். நெசவாளர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். இத்தொழிலில் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. சிங்கப்பூர்ப் பணத்தில் நூறு வெள்ளியைத் தொடாத தொகை அது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடலும் இரு கரைகளும் தனித்தனி நாடாவில் (நூல் ஓடத்தில்) நெய்யப்பட்டு, ஊடைக்கு ஊடை (குறுக்கிழைதோறும்) ஒன்றோடொன்று கோக்கப்படும். மூன்று நாடா ஓட வேண்டும் என்பதால் நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை தேவை. ஒரு காலத்தில் அது சிறுவர் கையாக இருந்தது. இன்று பல வீடுகளில் அது மனைவியின் கை. அதற்கென்று தனிக் கூலி எண்ணப்படுவதில்லை. பொதுவாக ஒரு பாவில் (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூலில்) மூன்று சேலை வரும். பாவு ஓடி, அச்சில் பிணைத்து, ஜக்கார்டு அட்டை கட்டி, மூன்றையும் நெய்து இறக்குவதற்குள் வாரங்கள் பல ஓடிவிடும். மழைக்காலத்தில் குழித்தறிக்குள் ஈரம் ஏறினால் வேலை நின்றுவிடும்.

சிங்கப்பூர்க் கடைக்காரர் எப்போது ஆர்டர் கொடுக்கிறார்? ஆடித் தள்ளுபடி முடிந்து, ஆவணி பிறந்த பிறகே பலருக்குத் தீபாவளி நினைவு வருகிறது. அப்போது இருபது சேலை, முப்பது சேலை என்று கேட்டால் தறியிலிருந்து புதிதாக எதுவும் இறங்காது. கைவசம் இருப்பதைத் தரகர் தேடி அனுப்புவார். அவசரத்துக்கு அகப்படுவது விசைத்தறிச் சரக்கு. அது ‘கைத்தறி மாதிரிதான்’ என்ற பேச்சோடு கிளம்பி, விமானம் ஏறி இறங்குவதற்குள் ‘மாதிரி’ உதிர்ந்துபோய் வெறும் ‘கைத்தறி’ ஆகிவிடுகிறது. பொய்யான அட்டைக்குக் காரணம் பேராசை என்று நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் காரணம் தாமதம். முன்கூட்டி ஆர்டர் கொடுக்காமையும் முன்பணம் தராமையும் சேர்ந்துதான் அந்தப் பொய்யை உண்டாக்குகின்றன.

நகையிலும் நிலைமை இதுவே. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் வெள்ளியில் உருவம் அமைத்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கெம்புக் கல்லைப் பதித்துச் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சிங்கப்பூரில் பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கு நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் ஒட்டியாணமும் தேவைப்படுவதால் இங்கே அதற்கு நிலையான சந்தை இருக்கிறது. அச்சில் வார்த்து, கண்ணாடிக் கல் ஒட்டிய நகையும் அதே ‘டெம்பிள் ஜுவெல்லரி’ என்ற பெயரில் விற்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிக்கு அது தாராளமாகப் போதும். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டும்போது வடசேரிக்காரர் தம் விலையைச் சொல்லவே கூச வேண்டியதாகிவிடுகிறது.

நடுவில் நிற்பவரின் நெருக்கடி

இறக்குமதியாளர் தரப்பையும் கேட்க வேண்டும். துணிக்கும் நகைக்கும் சிங்கப்பூரில் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் பொருள், சேவை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. சரக்கின் விலைக்கு மட்டுமல்லாமல், அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்த மொத்த மதிப்புக்கு அதைக் கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள் வரிக்குப் பதிவு செய்துகொண்டு, கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இருந்து, பதிவு செய்யாத சிறு வணிகருக்கு அந்த 9 விழுக்காடு திரும்பி வராத செலவு. சரக்கு முகவரின் கட்டணமும் அனுமதி ஆவணச் செலவும் முப்பது சேலைக்கு ஒரு கணக்கு, மூவாயிரம் சேலைக்கு ஒரு கணக்கு என்று விகிதப்படி குறைவதில்லை. தங்கம், வெள்ளி நகை விற்பவர்கள் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்ட அமைச்சிடம் பதிவு செய்துகொண்டு, அதற்குரிய ஆவணங்களையும் பராமரிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்பவருக்குப் போட்டி யார்? பெட்டிக்குள் நாற்பது சேலையை மடித்து வைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்குபவர். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புவோருக்கு 500 வெள்ளி மதிப்புவரை வரிவிலக்கு உண்டு என்பது உண்மைதான். அது சொந்த உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும் உரியது. விற்பதற்காகக் கொண்டுவரும் பொருளில் ஒரு வெள்ளிக்குக்கூட அந்தச் சலுகை பொருந்தாது. இதை அறியாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அறிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘அக்கா ஊர்லேர்ந்து கொண்டுவந்தது, கடையை விட மலிவு’ என்று அவர்களிடம் வாங்கும் நாமும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.

எது கைத்தறி, எது விசைத்தறி என்று பிரித்துக் காட்ட எல்லையில் நிற்கும் சுங்க அதிகாரிக்கும் வழியில்லை. உலகமெங்கும் பயன்படும் ஆறு இலக்கச் சரக்குக் குறியீடு, கையால் நெய்த சில வகைக் கம்பளங்களுக்குத் தனி இடம் தருகிறது. பட்டுத் துணிக்கும் பருத்தித் துணிக்கும் அப்படி இல்லை. கைத்தறியில் மூன்று வாரம் நெய்ததும் விசைத்தறியில் சில மணி நேரத்தில் ஓடியதும் ஒரே எண்ணின் கீழ் நாட்டுக்குள் வருகின்றன.

பணப் புழக்கமும் கடினம். வாங்கிய சேலை விற்காவிட்டால் அடுத்த ஆண்டு நிறமும் கரையும் பழசாகிவிடும். ஆகையால், விற்ற பிறகு பணம் தருகிறேன் என்று பல கடைக்காரர்கள் பேசுகிறார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த ஏற்பாட்டின் பொருள், சிங்கப்பூர்க் கடையின் சரக்குக்கு நெசவாளர் குடும்பம் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது என்பதே. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சிறு தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் வாங்குபவரை அதைக் காட்டி வசூலிப்பது ஒரு சிறு உற்பத்தியாளரால் நடைமுறையில் ஆகாத காரியம்.

நான்கு முத்திரை, நான்கு செய்தி

நம்பிக்கைக்கு முத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முத்திரையும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சி. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த ‘சில்க் மார்க்’ நூல் சுத்தமான பட்டு என்று சொல்கிறது. எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லாது. 2006இல் வந்த ‘ஹேண்ட்லூம் மார்க்’ கைத்தறி என்று உறுதி கூறுகிறது. சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று கூறாது. புவிசார் குறியீடு ஊரையும் மரபையும் குறிக்கிறது. இந்தியாவில் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட தங்க ஹால்மார்க், 2023 ஏப்ரலிலிருந்து ஆறு இலக்க அடையாளக் குறியோடு வருகிறது. அது பொன்னின் மாற்றைச் சொல்லும், நகையைச் செய்தது கையா இயந்திரமா என்பதைச் சொல்லாது.

ஆனால் விற்கும் இடத்தில் ஒரு முத்திரை மற்ற மூன்றின் வேலையையும் பார்க்கிறது. ‘சில்க் மார்க் இருக்குக்கா, அசல் கைத்தறி’ என்ற பேச்சு நம் காதுக்குப் பழகிப்போனது. இதில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது. சரிபார்க்கத் தெரியாத கடைக்காரரும் கேட்கத் தெரியாத வாடிக்கையாளரும் ஒரு பளபளப்பான வில்லையைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசைத்தறிச் சேலை இழிவானதல்ல. சோமனூரிலும் பல்லடத்திலும் ஈரோட்டிலும் விசைத்தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். வேலைக்குக் கட்டிக்கொண்டு போக, இயந்திரத்தில் துவைக்க, மலிவாக நாலு வாங்கிவைக்க அதுவே பொருத்தமான துணி. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகளில் வரையறுத்த ரகங்களைக் கைத்தறிக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. அந்த ரகங்களை விட்டுவிட்டால், விசைத்தறியை விசைத்தறி என்று சொல்லி விற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. சொல்லாமல் விற்பதே தவறு.

பங்கு பிரித்துக்கொள்வோம்

எல்லாருக்கும் பொறுப்பு உண்டு என்று பொதுவாகச் சொல்லிக் கலைந்தால், யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஊர்ச் சாப்பாட்டில் யார் அரிசி, யார் விறகு, யார் பரிமாறுவது என்று முன்பே பேசி வைப்பதுபோல இதிலும் அவரவர் பங்கைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இறக்குமதியாளரின் பங்கு ரசீதில் தொடங்குகிறது. கைவேலை என்று விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ரசீதில் நான்கு வரி எழுதட்டும்: என்ன நூல் அல்லது என்ன உலோகம், எந்தத் தறி அல்லது எந்தச் செய்முறை, எந்த ஊர், எப்படிப் பராமரிப்பது. தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தது காலம். தீபாவளி ஆர்டரைச் சித்திரைக்குள் கொடுத்து, பாதித் தொகையை முன்பணமாகவும் மீதியைச் சரக்கு வந்த 45 நாளுக்குள்ளும் தந்தால், பாவு போடும்போதே நெசவாளருக்குக் கூலி உறுதியாகும். மூன்றாவது, பாதுகாப்பு. ஆடையில் அசோ சாயங்களிலிருந்து வெளிப்படும் கேடு விளைவிக்கும் அமீன் பொருள் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நகையில் ஈயம் எடையில் 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. குழந்தைகள் அணியும் நாட்டிய நகைக்கும் பாவாடைத் துணிக்கும் இதையே நம் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்குபவரின் பங்கு கேள்வி கேட்பது. பதிலுக்கு ஏற்ற விலையைக் கொடுப்பதும் அதில் சேர்ந்ததுதான். கைத்தறியா என்று கேட்டுவிட்டு விசைத்தறி விலைக்குப் பேரம் பேசினால், அடுத்த முறை அந்தக் கடைக்காரர் நமக்கு எதைக் காட்டுவார் என்று யோசிக்க வேண்டும். ஊடையில் எங்கோ ஓர் இழை தடித்திருக்கிறது, கையச்சுப் பூவில் ஒன்று அரை நூல் விலகியிருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பதும் வேண்டாம். கைவேலையில் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் பொய் சொல்லி விற்றிருந்தால் விட்டுவிடவும் கூடாது. பொய்யான விவரம் கூறி விற்பது நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வர்த்தக நடவடிக்கை. 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு, வழக்கறிஞர் இல்லாமலே, கொண்டுபோகலாம். சத்தமில்லாமல் கடையை மாற்றிக்கொள்வதால் நேர்மையான கடைக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை.

மொத்தமாக வாங்கும் அமைப்புகளுக்கு இன்னும் பெரிய பங்கு இருக்கிறது. சங்க விழாவுக்கு ஒரே நிறத்தில் ஐம்பது சேலை எடுப்பவர்கள், அரங்கேற்றத்துக்கு மாணவியருக்கு உடையும் நகையும் பரிந்துரைக்கும் நாட்டியப் பள்ளிகள், அம்மனுக்குப் பட்டு சாத்தும் கோயில்கள், திருமண ஏற்பாட்டாளர்கள். இவர்களுக்குத் தேவை என்ன, எப்போது என்பது பல மாதம் முன்பே தெரியும். அந்தத் தேதியை ஓர் இறக்குமதியாளரிடம் முன்கூட்டிச் சொல்லி, சிறு முன்பணமும் கொடுத்தால், ஒரு தறிக்கு அரையாண்டு வேலை உறுதியாகிவிடும். மாணவர் பயிற்சிக்கு வார்ப்பு நகை, அரங்கேற்றத்துக்கு விரும்பினால் வடசேரி நகை என்று பள்ளிகளே பிரித்துச் சொல்லிவிட்டால் பெற்றோருக்கும் குழப்பம் இருக்காது.

கடைக்காரர் சங்கங்கள் தனியொருவரால் முடியாததைச் செய்யலாம். பத்துச் சிறு வணிகர்களின் சரக்கை ஒரே அனுப்புதலாகச் சேர்த்தால் ஆளுக்குரிய செலவு குறையும். சரக்கிலிருந்து சில மாதிரிகளைப் பொதுச் செலவில் பரிசோதிக்கலாம். நான்கு வரி ரசீதுக்கு ஒரே வடிவம் வகுத்து, அதைப் பின்பற்றும் கடைகளின் பெயரை வெளியிடலாம். கேம்பல் லேனிலேயே இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. கோர்வை என்றால் என்ன, சரிகையைப் பார்ப்பது எப்படி என்று பண்டிகைக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே செய்து காட்டினால், அது விளம்பரத்தை விட அதிகம் பேசும்.

அரசுகளின் பங்கு பெருந்தொகை மானியமாக இருக்க வேண்டியதில்லை. சரக்குக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ஆசியான் நாடுகளின் எட்டு இலக்கக் குறியீட்டில் மரபு முறைப்படி அச்சிட்ட பாத்திக் துணிக்குத் தனி வரிசை இருக்கிறது. பாத்திக்குக்குக் கிடைத்த இடம் கைத்தறிக்கும் கிடைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றுமில்லை. இந்தியா கேட்க வேண்டும், இங்குள்ள வணிகர்களும் எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று பணப் பரிமாற்றம். 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. அது தனிநபர்கள் பணம் அனுப்புவதற்கான ஏற்பாடு. குறிப்பிட்ட வரம்புக்குள் சிறு வணிக முன்பணத்துக்கும் அதைத் திறந்துவிட்டால், கூட்டுறவுச் சங்கத்துக்கோ நெசவாளர் குழுவுக்கோ பணம் நேராகப் போய்ச் சேரும். தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தன் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்திருக்கிறது. வெளிநாட்டுக்குச் சில்லறை அளவில் வாங்கும் சிறு வணிகருக்கும் அத்தகைய அட்டையோடு சரக்கு கிடைக்க வழி செய்தால் பாதி வேலை முடிந்தது.

நடக்குமா என்ற கேள்வி

விலை ஏறினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்பது நியாயமான அச்சம். நான்கு வரி எழுதுவதற்குச் செலவு கிடையாது. முன்பணத்துக்கு உண்டு. ஆனால் முன்பணம் கொடுத்து நேராக வாங்குபவர், தரகருக்குப் போகும் பங்கைக் குறைக்கலாம். கடைசி நேர விமானக் கட்டணத்தையும் மிச்சம் பிடிக்கலாம். விசைத்தறி, கைத்தறி இரண்டையும் பெயர் சொல்லி ஒரே கடையில் வைத்தால், வாங்குபவர் பணத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வார். ஒருவரும் ஏமாற மாட்டார்.

ஒருவர் ஒழுங்காக நடந்து பத்துப் பேர் நடக்காவிட்டால் என்ன ஆவது என்பது இன்னொரு கேள்வி. இதற்கு முன்னுதாரணம் கம்பளத் தொழிலில் இருக்கிறது. 1994இல் கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று தொடங்கிய ‘ரக்மார்க்’ ஏற்பாட்டில், குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்த கம்பளத்துக்கு எண்ணிட்ட முத்திரை கொடுத்தார்கள். தறிகளைத் திடீர்ச் சோதனை செய்தார்கள். இறக்குமதியாளர்கள் தம் சரக்கு மதிப்பில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகக் கொடுத்தார்கள். மீட்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கும் மறுவாழ்வுக்கும் அந்தப் பணம் போனது. ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், தொண்டு அமைப்புகள், வாங்குவோர் என எல்லாரும் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்ததால் அது நிலைத்தது. பிறகு ‘குட்வீவ்’ என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. சிராங்கூன் சாலை அளவுக்கு அதைச் சிறிதாக்கிப் பார்க்கலாம். நூறு வெள்ளிச் சரக்குக்கு ஒரு வெள்ளி என்று இறக்குமதியாளர்கள் பொது நிதியில் போட்டால், மாதிரிப் பரிசோதனைக்கும் நெசவாளர் முன்பணத்துக்கும் அதிலிருந்து எடுக்கலாம். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

யார் முதலில் என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. சரக்குக் குறியீடு மாறப் பல ஆண்டு ஆகும். வாடிக்கையாளரின் பழக்கம் மெல்லத்தான் மாறும். சங்கம் கூடி முடிவெடுக்கவும் சில மாதம் பிடிக்கும். ரசீதுப் புத்தகமோ இன்றைக்கே கடைக்காரர் கையில் இருக்கிறது. ஆகவே முதல் அடி அவருடையது. அவர் அந்த நான்கு வரியை எழுதிய மறுநாளே, அதைப் படித்துப் பார்த்து வாங்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது. பொங்கல் முடிந்த கையோடு கடைக்காரர்களும் நாட்டியப் பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் பயனீட்டாளர் சார்பில் சிலரும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரட்டும். அந்த ஆண்டுக்கு யாருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், யார் எவ்வளவு முன்பணம் தருவது என்று எழுதிக் கையெழுத்திடட்டும். சித்திரை பிறப்பதற்குள் அந்த ஆர்டர் காஞ்சிபுரத்துக்கும் வடசேரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால், தீபாவளிக்கு வரும் சேலையில் ‘கைத்தறி’ என்று எழுத யாரும் யோசிக்க வேண்டியிருக்காது.